'கேவண்டர் இஸ் கமிங்' ஏன் இப்படிச் சொதப்பியது? ட்வைலைட் ஸோனின் அந்த ஒரு எபிசோட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ட்வைலைட் ஸோனை முதல் சீசனிலிருந்து வரிசையாகப் பார்ப்பவர்கள் எல்லோருமே மூன்றாவது சீசனின் கடைசியில் ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். "என்னங்க இது, தப்பா வேற ஏதாவது சீரியலைப் போட்டுட்டேனா?" என்று கேட்டு எனக்குச் செய்தி வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். கதை முழுவதும் இதில் வெளிப்படும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம். வராவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

ட்வைலைட் ஸோன்னா என்ன? ஒரே கதையா தொடர்ந்து போகுமா?

போகாது. ஒவ்வொரு எபிசோடும் விநோதமும் திகிலும் கலந்த தனிக்கதை. நடிகர்கள், ஊர், காலம் எல்லாம் வாராவாரம் மாறும். மாறாமல் இருப்பவர் ராட் செர்லிங் ஒருவர்தான். கதையை அறிமுகம் செய்து, கடைசியில் நாலு வரி சொல்லி முடித்துவைப்பார். அமெரிக்காவின் சிபிஎஸ் அலைவரிசையில் 1959 அக்டோபர் 2 அன்று தொடங்கி 1964 ஜூன் வரை ஐந்து சீசன், மொத்தம் 156 எபிசோட். அதில் 92 செர்லிங்கே எழுதியவை. இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டுதான் அவருடைய தோல்விகளைப் பேச வேண்டும். அந்த வேகத்தில் எழுதுகிற யாருக்கும் சில வாரம் சறுக்கத்தான் செய்யும்.

நீங்க சொல்ற எபிசோட் எது?

'கேவண்டர் இஸ் கமிங்'. 1962 மே 25 அன்று ஒளிபரப்பானது. மூன்றாவது சீசனின் 37 எபிசோடுகளில் 36-ஆவது. எழுதியவர் செர்லிங், இயக்கியவர் கிறிஸ்டியன் நைபி. ஆக்னஸ் கிரெப் என்ற பெண்ணாகக் கேரல் பர்னெட், ஹார்மன் கேவண்டர் என்ற காவல் தேவதையாக ஜெஸ்ஸி வைட், தேவதைகளின் மேலதிகாரி போல்க்காக ஹோவர்ட் ஸ்மித். ஆட்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'எ ஸ்டாப் அட் வில்லோபி' எபிசோடில் "தள்ளு, தள்ளு, தள்ளு" என்று உயிரை எடுக்கும் முதலாளி ஞாபகம் இருக்கிறதா? அவரும் இந்த ஹோவர்ட் ஸ்மித்தான்.

கதையைச் சொல்லுங்க, ஸ்பாய்லர் பரவாயில்ல.

ஆக்னஸ் தொட்டதெல்லாம் உடையும், போன இடமெல்லாம் இடறும். எந்த வேலையிலும் நிலைக்க மாட்டாள். ஆனால் குடியிருக்கும் கட்டடத்தில் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. மேலே, கேவண்டர் என்ற தேவதைக்கு இன்னும் சிறகு கிடைக்கவில்லை. சுருட்டு பிடிப்பார், வேலையில் மகா மந்தம். 24 மணி நேரத்தில் ஆக்னஸின் வாழ்க்கையைச் சீராக்கு, இல்லாவிட்டால் அவ்வளவுதான் என்று போல்க் அவரை அனுப்பிவைக்கிறார்.

கேவண்டருக்குத் தெரிந்த ஒரே வழி பணம். வங்கிக் கணக்கு, மாளிகை, மேட்டுக்குடி விருந்து என்று வரிசையாக வரவழைக்கிறார். ஆக்னஸ் பழைய கட்டடத்துக்குத் திரும்பிப் போனால் அங்கே ஒருவருக்கும் அவளைத் தெரியவில்லை. எனக்குப் பழைய வாழ்க்கையே போதும் என்கிறாள். திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கீழே அவள் சந்தோஷமாக இருப்பதைப் பார்த்த போல்க், சரி, இந்த ஆளை இன்னும் நாலு பேரிடம் அனுப்பலாம் என்று முடிவெடுக்கிறார். அந்தக் கடைசி வரியைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

நடுநடுவுல யாரோ கூட்டமா சிரிக்கிறாங்களே, அது என்ன?

பதிவு செய்த சிரிப்பு. எம்ஜிஎம் ஸ்டூடியோவில் பார்வையாளர் யாரும் இல்லாமல் ஃபிலிமில் எடுத்த எபிசோட் இது; சிரிப்பு பிறகு ஒட்டியது. அந்தக் காலத்தில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் உருவாக்கிய ஒரு பெட்டி ஹாலிவுட்டில் புழங்கியது. தட்டச்சு இயந்திரம் மாதிரி விசைகள் இருக்கும். ஒன்றைத் தட்டினால் லேசான நமட்டுச் சிரிப்பு, இன்னொன்றைத் தட்டினால் வயிறு குலுங்கும் சிரிப்பு, உள்ளே டேப் சுற்றிக்கொண்டிருக்கும். அன்றைய நகைச்சுவைத் தொடர்களில் சிரிப்பு வருவது இப்படித்தான்.

156 எபிசோடில் இந்த ஒன்றில் மட்டும்தான் இந்தச் சிரிப்பு. காரணம், இதை ஒரு புதிய நகைச்சுவைத் தொடருக்கான பைலட்டாகக் காட்ட நினைத்தார்கள்.

என் காப்பியில சிரிப்புச் சத்தமே வரலையே?

பிறகு மறுஒளிபரப்புக்குப் போன பிரதிகளில் அதை எடுத்துவிட்டார்கள். உங்களிடம் இருப்பது அந்த ஒலி. கோளாறு எதுவுமில்லை.

பைலட்னு சொன்னீங்களே, அப்படின்னா?

ஒரு தொடரை எடுக்கலாமா வேண்டாமா என்று சேனல்காரர்களும் விளம்பரதாரர்களும் பார்த்து முடிவு செய்ய மாதிரியாக எடுக்கும் முதல் எபிசோட். அதற்குத் தனியாகச் செலவு செய்யாமல், ஓடிக்கொண்டிருக்கும் தொடரின் ஒரு வாரத்துக்குள்ளேயே நுழைத்துவிடும் பழக்கமும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் உண்டு. எபிசோடுக்கு ஆன செலவு எப்படியும் ஆகத்தான் போகிறது. பைலட் விலைபோனால் லாபம், போகாவிட்டால் அந்த வாரம் கழிந்தது. தனிக்கதைத் தொடர்கள் இதற்கு ரொம்ப வசதி. வாராவாரம் புது ஆட்கள்தான் வரப்போகிறார்கள் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இங்கே விற்க நினைத்தது கேவண்டரை. வாரம் ஒரு கஷ்டப்படும் ஜீவன், அதற்கு உதவ வரும் அசட்டுத் தேவதை. மேலே கதையில் குறித்துவைக்கச் சொன்ன போல்க்கின் கடைசி முடிவைத் திரும்பப் படியுங்கள். அது அடுத்த வாரத்துக்கான விளம்பரம்.

அதனால என்ன? பைலட்டா இருந்தா கதை நல்லா இருக்கக்கூடாதா?

என் கருத்து முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ட்வைலைட் ஸோனின் பலம் எங்கே இருக்கிறது? 25 நிமிடத்தில் அந்த ஆளுக்கு என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். சாகலாம், பைத்தியமாகலாம், காணாமல் போகலாம், மூக்குக்கண்ணாடி உடைந்து போய்ப் புத்தகக் குவியலுக்கு நடுவில் குருடனாக உட்காரலாம். அடுத்த வாரம் அவர் தேவைப்பட மாட்டார் என்பதால் எழுதுகிறவருக்கு ஈவிரக்கமே வேண்டியதில்லை. பார்க்கிற நமக்கும் அது தெரியும். அந்தப் பயத்தோடுதான் உட்கார்ந்திருப்போம்.

பைலட்டில் இது நடக்காது. கேவண்டர் அடுத்த வாரமும் வந்தாக வேண்டும். சிறகு கிடைத்துவிட்டாலோ, வேலை போய்விட்டாலோ தொடர் முடிந்தது. எனவே அவர் தோற்கவும் கூடாது, முழுதாக ஜெயிக்கவும் கூடாது. ஆக்னஸுக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது, ஏனென்றால் உதவ வந்த தேவதையால் ஒருத்தி கெட்டாள் என்றால் யார் அந்தத் தொடரை வாங்குவார்கள்? ஆகவே கதை புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது. நடந்ததற்கு யாரும் எந்த விலையும் கொடுக்கவில்லை. சிரிப்புச் சத்தம், சுருட்டு, விழுந்து எழும் வித்தை எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம், இதை மன்னிக்க முடியவில்லை.

ஆனா ட்வைலைட் ஸோனே ஒரு பைலட் மாதிரிதானே வந்தது? அது மட்டும் எப்படி நல்லா இருந்தது?

விவரம் தெரிந்து மடக்குகிற கேள்வி. உண்மைதான். 1958 நவம்பர் 24 அன்று வெஸ்டிங்ஹவுஸ் டெசிலு ப்ளேஹவுஸ் என்ற வேறொரு தனிக்கதைத் தொடரில் செர்லிங்கின் 'தி டைம் எலிமென்ட்' வந்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பில்தான் ட்வைலைட் ஸோனுக்கு வழி பிறந்தது.

ஆனால் அந்தக் கதையில் யார் மிஞ்சுகிறார்? வில்லியம் பெண்டிக்ஸ் நடித்த ஆள் ஒரு மனநல மருத்துவரிடம் போய், நான் கனவில் 1941-க்குப் போய்விடுகிறேன், பேர்ல் ஹார்பர் தாக்கப்படப் போகிறது என்று கத்துகிறேன், ஒருத்தரும் கேட்கவில்லை என்கிறான். கடைசியில் அங்கேயே குண்டுவீச்சில் செத்துப்போகிறான். இந்தப் பக்கம், மருத்துவரின் அறையில் சோபா காலி. மருத்துவர் ஒரு மதுக்கடைக்குப் போகிறார், சுவரில் அவனுடைய புகைப்படம். கேட்டால், பேர்ல் ஹார்பரில் இறந்துவிட்டான் என்கிறார்கள். அதில் கதாநாயகனை விற்கவில்லை, கதை சொல்லும் முறையை விற்றார்கள். அடுத்த வாரம் அவன் வரத் தேவையில்லை. முந்தைய பதிலில் சொன்னதற்கு இது எதிர்வாதம் இல்லை, எனக்குக் கிடைத்த சாட்சி.

இதே கதைய முதல் சீசன்லயே பார்த்த மாதிரி இருக்கே?

பார்த்திருக்கிறீர்கள். 'மிஸ்டர் பெவிஸ்', 1960 ஜூன் 3. ஆர்சன் பீன் நடித்தது. வேலை, வீடு, 1924-ஆம் ஆண்டு ரிக்கன்பேக்கர் கார் எல்லாம் ஒரே நாளில் போய்விடும் ஒரு வெகுளி. காவல் தேவதை வந்து எல்லாவற்றையும் மாற்றித் தருகிறார். புது வாழ்க்கையில் தனக்குப் பிடித்தது ஒன்றுமே இல்லை என்று கண்டு பழையபடி ஆக்கிவிடச் சொல்கிறான். அதுவும் பைலட்டாக நினைத்து எடுத்ததுதான். அதுவும் விலைபோகவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பெவிஸை ஆக்னஸ் ஆக்கி, கதையின் மையத்தை ஆளிடமிருந்து தேவதைக்கு மாற்றித் திரும்ப எடுத்தார்கள். ஒரு முறை வேகாத பருப்பை இன்னொரு முறை அடுப்பில் ஏற்றியது மாதிரிதான். எனக்கு இரண்டில் பெவிஸ் கொஞ்சம் தேவலை. அவனுக்காவது தன் கோணங்கித்தனத்தின் மேல் ஒரு பிடிவாதம் இருந்தது.

தேவதை, சிறகுன்னா அந்த 1946 படத்தோட காப்பி தானே?

ஃப்ராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தைச் சொல்கிறீர்கள். சிறகு கிடைக்காத பயிற்சித் தேவதை என்ற அளவில் சாயல் வெளிப்படை. வித்தியாசம் ஒன்று. அந்தப் படத்தில் தேவதை வருவதே ஒரு மனிதன் தற்கொலைக்குப் பாலத்தில் நிற்கும்போது. ஆக்னஸ் எந்தப் பாலத்திலும் நிற்கவில்லை. வேலை போய்விட்டது, ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். உதவி தேவைப்படாதவளுக்கு உதவ வருகிறார் கேவண்டர். முதல் ஐந்து நிமிடத்திலேயே கதைக்குக் காற்று இறங்கிவிடுகிறது.

கேரல் பர்னெட் சரியா நடிக்கலைன்னு ஒருத்தர் சொல்றார், ஒத்துக்கறீங்களா?

ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் ஏற்கெனவே பிராட்வேயில் 1959-இல் 'ஒன்ஸ் அப்பான் எ மேட்ரஸ்' மேடை நாடகத்தில் பெயர் வாங்கி, கேரி மூர் நிகழ்ச்சியில் வாராவாரம் மக்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தவர். 1967 முதல் 1978 வரை 11 சீசன் ஓடிய 'தி கேரல் பர்னெட் ஷோ' அவருடையது. உடம்பை வைத்து நகைச்சுவை செய்ய அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவரை மிஞ்ச ஆள் குறைவு.

அவர் திறமை மலர்வது எதிரே ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது. அங்கே ஒரு சிரிப்பை வாங்கி, அதன் மேல் அடுத்ததை அடுக்குவார். இங்கே எதிரே கேமரா மட்டும். சிரிப்பைப் பிறகு ஒருவர் விசை தட்டிப் போடுகிறார். பர்னெட் கண்ணை உருட்டி முடித்துவிட்ட பிறகும் அது நீள்கிறது, அல்லது உருட்டுவதற்கு முன்பே வந்துவிடுகிறது.

தியேட்டர் சீன் மட்டும் எனக்குப் பிடிச்சிருந்தது. அது தப்பா?

தப்பே இல்லை, எபிசோடிலேயே உயிருள்ள இடம் அதுதான். ஆக்னஸ் ஒரு சினிமா தியேட்டரில், வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் பெண்ணாக வேலைக்குச் சேர்கிறாள். சீருடை போட்ட பெண்களை ராணுவ வரிசையில் நிறுத்தி, மேலாளர் கைச்சைகையிலேயே உத்தரவு போடுகிறார். அந்தச் சைகைகளை வைத்துக்கொண்டு ஆக்னஸ் படுகிற பாடுதான் காட்சி.

அதில் இருப்பது பர்னெட்டின் சொந்த அனுபவம். இளம் வயதில் ஹாலிவுட் பூலேவார்டில் ஒரு தியேட்டரில் அவர் இந்த வேலை பார்த்தவர். ஒரு தம்பதி படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே போகப் பார்க்க, ஹிட்ச்காக் படம், முடிவைப் பார்த்துவிட்டால் ரசிக்காது, அடுத்த காட்சிக்கு வாருங்கள் என்று இவர் தடுத்திருக்கிறார். வேலை போய்விட்டது. 1975-இல் ஹாலிவுட் நடைபாதையில் பிரபலங்களின் பெயரோடு பதிக்கும் நட்சத்திரம் அவருக்குக் கிடைத்தபோது, எங்கே வேண்டும் என்று கேட்டார்கள். அந்தத் தியேட்டர் வாசலில் என்றார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. எனக்குக் கேவண்டர் கதையைவிட இந்தக் கதை ட்வைலைட் ஸோனுக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கேவண்டரா வர்றவரை எங்கயோ பார்த்திருக்கேன்.

அதே சீசனில் பஸ்டர் கீட்டன் நடித்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' எபிசோடில் பழுதுபார்ப்பவராக வருவார். பிறகு 1967-லிருந்து மேடேக் சலவை இயந்திர விளம்பரத்தில், வேலையே வராமல் சும்மா உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்காக அமெரிக்கா முழுக்கப் பிரபலமானார்.

அப்ப செர்லிங்குக்குக் காமெடி வராதுன்னு சொல்லலாமா?

பெரும்பாலும் சொல்லலாம். 'மிஸ்டர் டிங்கிள், த ஸ்ட்ராங்', 'தி மைட்டி கேஸி', 'தி பார்ட்' மூன்றும் அவர் கைதான், மூன்றையும் நான் இரண்டாவது முறை பார்க்கத் துணியவில்லை. தொடரில் நன்றாக வந்த நகைச்சுவை மற்றவர்கள் எழுதியது. ரிச்சர்ட் மாத்திசனின் 'எ வேர்ல்ட் ஆஃப் ஹிஸ் ஓன்' எபிசோடில் முடிவுரை சொல்ல வரும் செர்லிங்கையே ஒரு கதாபாத்திரம் மறையவைத்துவிடும். ஜார்ஜ் கிளேட்டன் ஜான்சனின் 'எ பென்னி ஃபார் யுவர் தாட்ஸ்' இன்னொன்று. செர்லிங் கோபப்படும்போதும் ஏங்கும்போதும் எழுதினால் நெஞ்சைத் தொடும். சிரிக்கவைக்க நினைத்தால் தோளைப் பிடித்து உலுக்குவார்.

"பணக்காரங்க எல்லாம் போலி, ஏழையா இருக்கறதுதான் சுகம்"னு சொல்ற மாதிரி இருக்கே. எரிச்சலா வருது.

எனக்கும் வந்தது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அல்லாடுகிற பெண்ணிடம் வறுமையைக் கொடுத்துவிட்டு, பார், எவ்வளவு சந்தோஷம் என்கிறது கதை. மாளிகையில் இருந்துகொண்டே பழைய அக்கம்பக்கத்தாரை விருந்துக்குக் கூப்பிட முடியாதா? முடியாதபடி தேவதை அவர்கள் நினைவையே அழித்துவிடுகிறார். ஏன் அழிக்க வேண்டும் என்பதற்குக் காரணமே கிடையாது. முடிவுக்கு அது தேவை, அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை, எபிசோடில் நிஜமாகவே திகிலான இடமும் அதுதான். நேற்று வரை உன்னைக் கொஞ்சியவர்கள் இன்று யார் நீ என்று கேட்கிறார்கள். இதற்கு இரண்டே மாதம் முன்னால், 1962 மார்ச் 23 அன்று, சார்ல்ஸ் பூமாண்ட் எழுதிய 'பெர்சன் ஆர் பெர்சன்ஸ் அன்நோன்' வந்தது. காலையில் எழுந்தால் மனைவிக்கே அடையாளம் தெரியாமல் போகும் ஒருவனின் கதை. அதே சரக்கை வைத்து அங்கே குலைநடுங்க வைத்தார்கள். இங்கே ஆக்னஸ் வாசலில் நின்று முகம் வாடுகிறாள், ஒரு நிமிடம் நமக்கும் நிஜமாகவே சங்கடமாகிறது, உடனே கேவண்டர் வந்து சரிசெய்துவிடுகிறார். விலை கொடுக்கக் கூடாது என்ற பைலட் விதி இங்கேயும் குறுக்கே நிற்கிறது.

மொத்தத் தொடர்லயே இதுதான் மட்டமா?

மட்டமான ஐந்தில் ஒன்று என்பேன். ஒரு மணி நேரம் ஓடுகிற 'தி பார்ட்' எபிசோடுக்கு இது மேல், 25 நிமிடத்தில் விட்டுவிடுகிறதே. ஆனால் ஏமாற்றம் என்று எடுத்துக்கொண்டால் இதற்குத்தான் முதலிடம். பர்னெட் பெயரைப் பார்த்து ஆசையோடு உட்காருகிறோம்.

கேவண்டர் தனித் தொடரா வந்ததா?

வரவில்லை.

அடுத்த வாரமும் இப்படித்தான் இருக்குமா? தொடர்ந்து பாக்கறதா வேண்டாமான்னு யோசிக்கிறேன்.

தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். அடுத்து வருவது சீசனின் கடைசி எபிசோட், 'தி சேஞ்சிங் ஆஃப் த கார்ட்', 1962 ஜூன் 1. அதுவும் செர்லிங் எழுதியதே. வெர்மாண்டில் ஒரு பள்ளி, 51 வருடம் பாடம் நடத்திய ஆசிரியருக்குக் கட்டாய ஓய்வு. அந்தக் கிழவராக நடித்த டொனால்ட் ப்ளெசன்ஸுக்கு அப்போது வயது 42. கவிதை கவிதையாகச் சொல்லிக்கொடுத்தேன், ஒருத்தன் மனதிலும் எதுவும் ஒட்டவில்லை என்று நினைத்துக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் துப்பாக்கியோடு வெளியே போகிறார். மணிச்சத்தம் கேட்டு வகுப்பறைக்கு வந்தால், இறந்துபோன மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவனாக எழுந்து, நீங்கள் சொன்ன இந்த வரிதான் சாகும் நேரத்தில் எனக்குத் துணை என்று சொல்கிறான்.

இந்தக் கதையிலும் மேலுலகத்து உதவிதான் வருகிறது. உன் வாழ்க்கை வீண் இல்லை என்று சொல்லத்தான் வருகிறது. ஆனால் வந்த மாணவர்கள் போரிலும் பிற இடங்களிலும் செத்தவர்கள், செத்தவர்கள் செத்தவர்களாகவே திரும்பிப் போகிறார்கள். ஆசிரியருக்கு வேலையும் திரும்பக் கிடைப்பதில்லை. கேவண்டர் எபிசோடைப் பாதியில் நிறுத்தியவர்கள் நேராக இதற்குப் போய்விடலாம், கதையில் ஒன்றும் விட்டுப்போகாது.

கேவண்டரைப் பார்த்தே ஆகணும்னா சிரிப்போட பார்க்கறதா, சிரிப்பில்லாமலா?

ஒரு முறைதான் பார்ப்பீர்கள் என்றால் சிரிப்போடு பாருங்கள். அது இல்லாத பிரதியில் இது ஒரு சுமாரான எபிசோட், மறந்துவிடுவீர்கள். சிரிப்போடு பார்த்தால் யாருக்கு எதை விற்கப் பார்த்தார்கள் என்பது கண்ணுக்கு முன்னால் தெரியும்.